ஒளியை விட்டுச் சென்றவர்



புதுவை குருசுக்குப்பத்துக் கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் மீன் தரும் இடம் மட்டுமன்று. உறவுகளைக் கொண்டுபோன வழியுமாகும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அங்கிருந்து சைகோனுக்கும் பிரான்சுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றவர் பலர். நம் இல்லங்களிலும் சபர் போன ஒருவரின் பெயர் நாள்தோறும் பேசப்படுகிறது. அவர்களைப் போலவே தொழிலுக்காகக் கடல் கடந்து, ஆனால் நம் நாட்டை நோக்கி வந்த ஒருவரின் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள்.

ஜெர்மனியின் மூனிச் நகரில் 1903-இல் பிறந்தவர் ஜோசப் விர்ஷிங். திரைப்பட ஒளிப்பதிவாளர். 1925-இல் ‘பிரேம் சன்யாஸ்’ என்னும் மௌனப் படத்துக்காக இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டனுடன் முதன்முதலாக இந்தியா வந்தார். பின்னர் ஹிமான்சு ராய் பம்பாயின் மாலாடில் 1934-இல் ‘பம்பாய் டாக்கீஸ்’ நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதன் ஒளிப்பதிவுப் பொறுப்பை ஏற்றார். தீண்டாமையின் கொடுமையைச் சொன்ன ‘அச்சுத் கன்யா’ (1936) அவர் கைவண்ணமே. ஒளியையும் நிழலையும் அருகருகே வைத்து, பேசாத முகத்தையும் பேச வைக்கும் ஜெர்மானிய முறையை அவர் இங்கே கொண்டுவந்தார்.

1939-இல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக ஆங்கில அரசு அவரைத் தடுப்பு முகாமில் அடைத்தது. படைக்கலம் எதையும் ஏந்தாத தொழிலாளி அவர். பிறந்த மண்ணின் பெயரே அவருக்கு விலங்காயிற்று!

ஆயினும் அவருடைய தொழில் நின்றுவிடவில்லை. அவரிடம் உதவியாளராக இருந்து பயின்ற ஆர்.டி. பரீஞ்சா போன்ற இந்தியர்கள் கேமராவைக் கையிலேற்றார்கள். பரீஞ்சா ஒளிப்பதிவு செய்த ‘கிஸ்மத்’ (1943) கல்கத்தாவில் ஒரே அரங்கில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஓடியது. ஆசான் சிறைப்பட்டிருக்க, அவர் கற்பித்த கல்வி வெளியே உலவியது.

போர் முடிந்து விடுதலை பெற்றவர் இந்நாட்டை வெறுத்து ஓடினாரா? இல்லை. இங்கேயே தங்கி, மீண்டும் தம் தொழிலையே தொடர்ந்தார். கமால் அம்ரோஹி இயக்கிய ‘மஹல்’ (1949) படத்தின் இருளும் ஒளியும் இன்றும் பாராட்டப்படுகின்றன. லக்னோவின் பழைய முஸ்லிம் வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்ட, அம்ரோஹியின் ‘பாகீஸா’வுக்கும் அவரே ஒளிப்பதிவாளர். அப்படம் இடையில் பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. அது நிறைவேறுவதைக் காணாமலேயே 1967-இல் விர்ஷிங் காலமானார். எஞ்சிய காட்சிகளை வேறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்து முடிக்க, 1972-இல் வெளியானது ‘பாகீஸா’. அதில் அவர் பெயர் இடம்பெற்றது. பார்க்க அவர்தாம் இல்லை.

வாசகர்களே! அயல்நாட்டில் உழைக்கும் உங்கள் மகனுக்கோ சகோதரருக்கோ அடுத்த மடல் எழுதும்போது, அனுப்பிய பணத்தைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள். ‘கற்ற தொழிலை யாருக்காவது கற்றுக்கொடுக்கிறாயா?’ என்றும் ஒரு வரி கேளுங்கள். பணம் செலவாகிவிடும், வேலையும் ஒருநாள் கைவிட்டுப் போகலாம். பிறருக்குக் கற்பித்த தொழிலோ, நாம் இல்லாத இடத்திலும் நம் பெயரைச் சொல்லி நிற்கும்.