காற்று வந்தால் பிரேக் விடும்

காற்றில் இயங்கும் பிரேக் என்றதும், காற்று போனால் பிரேக்கும் போய்விடும் என்றுதான் மனம் கணக்குப் போடும். கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லரில் நடப்பது இதற்கு நேர் எதிர். எஞ்சின் உள்ள முன்வண்டிக்கும் பின்னால் வரும் டிரெய்லருக்கும் நடுவே தொங்கும் சிவப்பு ஹோஸைக் கழற்றுங்கள். டிரெய்லர் நின்ற இடத்திலேயே இறுகிக்கொள்ளும். மாட்டினால்தான் அசையும்.

இந்தத் தலைகீழ் ஏற்பாடு ரயிலிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் காப்புரிமை பெற்ற முதல் ஏர் பிரேக்கில், எஞ்சினிலிருந்து குழாய் வழியே காற்றை அனுப்பினால் பெட்டிகளின் பிரேக் பிடிக்கும். ஆனால் மலைச்சரிவில் ரயில் இரண்டாக அறுந்தால் பின்பாதிக்குக் காற்றும் இல்லை, பிரேக்கும் இல்லை. சில ஆண்டுகளிலேயே அவர் அதைத் திருப்பிப் போட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காற்றுத் தொட்டி வைத்தார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் இறங்கினால் ஒரு வால்வு தொட்டிக் காற்றைத் திறந்துவிட்டுப் பிரேக்கை அழுத்தும். இன்றைய லாரியின் சிவப்பு ஹோஸ் அந்தக் குழாயின் வாரிசு. சென்னை அம்பத்தூரில் லாரி பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்குப் பல ஆண்டுகள் இருந்த வாப்கோ என்ற பெயரும், வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி என்பதன் சுருக்கம்தான்.

பிரிட்டனில் ஓடும் ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். சிவப்பு ஹோஸ் டிரெய்லரின் தொட்டியை நிரப்புகிறது. மஞ்சள் ஹோஸ், டிரைவர் பெடலை எவ்வளவு மிதித்தார் என்ற செய்தியை மட்டும் கொண்டுபோகிறது. சக்கரத்தருகே இருக்கும் பூஸ்டரில் காற்று ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளும். தகட்டின் பரப்பு 30 சதுர அங்குலம், காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்றால், தள்ளும் விசை 3,000 பவுண்டு. ஏறக்குறைய 1,360 கிலோ. லாரி டயரில் அடிக்கும் காற்றைவிட அதிக அழுத்தம் ஒன்றுமில்லை. அதுவே சக்கரத்துக்குச் சக்கரம் ஏறக்குறைய 1.4 டன் அளவுக்கு முட்டுகிறது.

அதே பூஸ்டரின் பின்னறையில் ஒரு தடித்த ஸ்பிரிங் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை ஒடுக்கி வைத்திருப்பதும் காற்றுதான். அந்தக் காற்றை வெளியேற்றினால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடிக்கும். இதுதான் பார்க்கிங் பிரேக். (விவரம் தெரியாமல் அந்த அறையைப் பிரித்த மெக்கானிக்குகள் உயிரிழந்திருக்கிறார்கள். அவ்வளவு விசை.)

ஆக, நிற்கும் டிரெய்லரை இரண்டு விதமாகப் பிடித்து வைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சிவப்பு ஹோஸைக் கழற்றும்போது பிடிப்பது, பல டிரெய்லர்களில், தொட்டியில் மிச்சமிருக்கும் காற்று. எங்கோ ஒரு இணைப்பு கசிந்தால் ஓர் இரவில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். டிரெய்லரின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்புக் குமிழை வெளியே இழுத்தால் பிடிப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங் கசியாது. புதிய டிரெய்லர்கள் பலவற்றில் ஹோஸ் கழன்றாலே ஸ்பிரிங்கும் சேர்ந்து பிடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் யார்டில் நிற்பது எந்த வகை என்று தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்? அதனால்தான் ஹோஸைக் கழற்றியதையே பார்க்கிங் பிரேக்காக எண்ணாதே என்று டிரைவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார்கள்.

இருந்தும் ஆபத்து அதிகம் வருவது கழற்றும்போது அல்ல, மாட்டும்போது. டிரைவர் பின்னோக்கி வந்து டிரெய்லருக்கு அடியில் நுழைகிறார். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அங்குலத் தடிமனுள்ள கிங்பின், முன்வண்டியின் இணைப்புத் தட்டில் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. இப்போது டிரெய்லரின் பிரேக்கே முன்வண்டியையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. வண்டி துளியும் நகரவில்லை; எனவே ஹேண்ட் பிரேக் போடாதது உறைப்பதில்லை. அவர் இறங்கி, கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஏறிச் சிவப்பு ஹோஸை மாட்டுகிறார். டிரெய்லருக்குக் காற்று வருகிறது. காற்று வந்தால் பிரேக் விட வேண்டும் என்பதுதானே அதற்கு விதித்த வேலை? அதைச் சரியாகச் செய்கிறது. 40 டன் அவிழ்கிறது. அவிழ்த்தவர் நடுவில் நிற்கிறார்.

யார்டு சமதளம்தானே என்று கேட்கலாம். மழைநீர் வடிய நூறு அடிக்கு ஓரடி இறக்கம் விட்டிருந்தாலே போதும், 40 டன்னைச் சரிவு 400 கிலோ விசையோடு இழுக்கும். டயர்கள் தரையில் உருளத் தரும் எதிர்ப்பு சுமார் 240 கிலோ. மிச்சம் 160 கிலோ. இதை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் மூன்று விநாடியில் வண்டி ஒரு சாண் கூட நகர்ந்திருக்காது. பத்து விநாடியில் இரண்டு மீட்டர். இந்த மெதுவான தொடக்கம்தான் பொல்லாதது. ஓடிப்போய் கேபினில் ஏறி நிறுத்திவிடலாம் என்று ஆளுக்குத் தோன்றுகிறது. சரிவு ஐம்பதுக்கு ஒன்று என்றால் அதே பத்து விநாடியில் ஏழு மீட்டர். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். 40 டன் அந்த வேகத்தில் வரும்போது மனிதன் முட்டுக் கொடுத்து நிறுத்த முடியாது.

சிவப்புக் குமிழுக்குப் பக்கத்தில் கறுப்பாகவோ நீலமாகவோ இன்னொரு குமிழ் இருக்கும். ஹோஸ் மாட்டாமல் யார்டுக்குள் டிரெய்லரைச் சற்று நகர்த்தவேண்டும் என்றால் அதை உள்ளே அழுத்துவார்கள். தொட்டிக் காற்றின் பிடி விடும். நகர்த்திய பிறகு சிவப்பை இழுக்க மறந்துவிட்டால் அந்த டிரெய்லருக்கு எந்தப் பிடியும் இல்லை. ஒன்றை இழுத்தால் பிடிக்கும், இன்னொன்றை அழுத்தினால் விடும். இரண்டையும் கையகல இடத்துக்குள் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இணைக்கும் வரிசையின் காரணம் இப்போது புரிந்திருக்கும். முன்வண்டியைப் பின்னுக்கு விடுவதற்கு முன்பே போய் டிரெய்லரின் சிவப்புக் குமிழ் வெளியே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால், பிறகு எவ்வளவு காற்று வந்தாலும் ஸ்பிரிங் விடாது. கிங்பின் பூட்டியதும், டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே, சின்ன கியரில் மெல்ல முன்னே இழுத்துப் பார்ப்பார்கள். பூட்டு சரியாக விழவில்லையென்றால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஹேண்ட் பிரேக், சாவி சட்டைப்பையில். அதற்கப்புறம்தான் ஹோஸ். சிவப்புக் குமிழை உள்ளே தள்ளுவது, டிரெய்லரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களை உயர்த்தி எல்லாம் முடிந்த பிறகு.

அமெரிக்க லாரிகளில் இரண்டு ஹோஸ்களையும் இடம் மாற்றி மாட்டினால்? தொட்டி நிரம்பாது, ஸ்பிரிங் விடாது, வண்டி கிளம்பாது. தொந்தரவுதான், ஆனால் நல்ல தொந்தரவு. அங்கே 1975-க்கு முன் செய்த பல டிரெய்லர்களில் ஸ்பிரிங் பிரேக் கிடையாது. அவற்றில் ஹோஸ் மாறியிருந்தால் வண்டி பேசாமல் கிளம்பிவிடும். டிரெய்லரில் பிரேக்கே இல்லை என்பது முதல் மிதியில்தான் தெரியும்.

ஐரோப்பிய லாரிகளின் ஹேண்ட் பிரேக் நெம்புகோலில் ஒரு கூடுதல் நிலை உண்டு. கடைசிவரை இழுத்த பிறகும் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், டிரெய்லரின் காற்றுப் பிடி மட்டும் விலகும். முன்வண்டியின் ஸ்பிரிங்குகள் தனியாக மொத்த எடையையும் தாங்குகின்றனவா என்று டிரைவர் சரிவில் இருக்கையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். டிரெய்லர் தொட்டியின் காற்று எப்படியும் ஒருநாள் கசியும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அமைத்த சோதனை இது. அந்த நிலையில் வண்டி நகர்ந்தால், நிறுத்த வேறு இடம் பார்க்கவேண்டியதுதான்.