தீபத்துக்கு இரண்டு நாள் முன்பே மருதாணி

நேயர்களே, திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்துக்குக் கையில் மருதாணி வைக்கப் போகிறீர்களா? இலையில் உள்ள லாசோன் என்ற சாயம், தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பச்சை இலையை எலுமிச்சைச் சாறு விட்டு மை போல அரைத்து, இரவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் காய்ந்ததை உதிர்த்ததும் கை ஆரஞ்சு நிறமாகத்தான் தெரியும். இரண்டு நாளில் நன்றாகச் சிவந்துவிடும். அதனால் தீபத்துக்கு இரண்டு நாள் முன்பே வையுங்கள்.

சீக்கிரமே கருகருவெனப் பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’ கோன்களில், தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கலாம். அது சிலருக்குக் கொப்புளத்தையும், வாழ்நாள் முழுதும் தொடரும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். இயற்கை மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. குழந்தைகளின் கையில் கறுப்பு மருதாணி வேண்டவே வேண்டாம்!