பேரி மரத்தின் குளிர்த்தேவை

பேரி மரத்தின் குளிர்த்தேவை என்பது, இலையுதிர்த்து உறங்கும் பேரி மரத்தின் மொட்டுகள் மீண்டும் விரிவதற்கு முன் பெற்றாக வேண்டிய குளிரின் அளவாகும். ஆப்பிள், பிளம்சு, பீச்சு மரங்களுக்கும் இத்தேவை உண்டு. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரில் மாவும் இலவமும் செழித்தும் பேரி காய்க்காததற்கும், அருகிலுள்ள கொடைக்கானலில் அது காய்ப்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

உறங்குநிலை

பேரியின் பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகி, பின்னர் உறங்குநிலையை அடைகின்றன. அப்போது இடையில் சில வெயில் நாட்கள் வந்தாலும் மொட்டு விரியாது. விரிந்தால் அடுத்த உறைபனியில் கருகிவிடும் என்பதால் இது மரத்திற்குப் பாதுகாப்பே. நீண்ட குளிர் இத்தடையை நீக்குகிறது. அதன் பின்னரே வெப்பம் மொட்டை விரிக்கிறது. இவ்வரிசை மாறினால் பயனில்லை.

அளவிடல்

7.2° செல்சியசுக்குக் கீழ் கழியும் மணிகளை எண்ணுவது பழைய, எளிய முறை. ஐரோப்பியப் பேரியான பார்ட்லெட்டுக்கு ஏறத்தாழ 800 மணிகள் தேவை. ஐரோப்பிய, ஆசியப் பேரிகளின் கலப்பான கீஃபருக்கு அதில் பாதியளவே போதும். நீலகிரியில் கீஃபர் பயிராவதன் காரணம் இதுதான். 1974இல் வெளியான யூட்டா முறை, பகல் வெப்பம் இரவில் சேர்ந்த குளிரைக் குறைப்பதையும் கணக்கிடுகிறது.

போடியும் மலைச்சரிவும்

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை சுமார் 6.5° குறைகிறது. போடிநாயக்கனூர் சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. சனவரி இரவுகளிலும் வெப்பநிலை 20° அளவில் இருக்கும். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரமுள்ள போடிமெட்டில், இக்கணக்குப்படி 13° அளவுக்கே இறங்கும். ஏலக்காய்க்கு அது ஏற்ற தட்பவெப்பம். ஏலச்செடி உறங்குவதில்லை, கோடை மழையும் நிழலுமே அதன் பூப்பைத் தீர்மானிக்கின்றன. பேரிக்கு அது போதாது. சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலிலும் சனவரியின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 8° அளவுதான் என்பது வியப்பளிக்கலாம். எனவே அங்கும் குளிர்த்தேவை குறைந்த வகைகளே நம்பகமானவை.

குறைபாட்டின் விளைவுகள்

குளிர் போதாத மரம் சாவதில்லை. ஆனால் மொட்டுகள் பல வாரங்களாக முன்பின்னாக விரிகின்றன, சில உதிர்கின்றன. பேரி வகைகள் பலவும் தம் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. ஆகையால் அருகிலுள்ள இரு வகைகள் ஒரே நேரத்தில் பூக்காவிடில், பூத்தும் காய் பிடிக்காது.

இந்தோனேசியாவின் கிழக்குச் சாவகத்திலுள்ள பத்து நகர விவசாயிகள், ஆப்பிள் மரங்கள் ஆழ்ந்த உறக்கத்தில் இறங்குமுன் இலைகளை உருவிவிட்டு, ஆண்டுக்கு இருமுறை பூக்கச் செய்கின்றனர்.