ஒலி வருகிறது, பிம்பம் வரவில்லை

உறவினர் வீட்டுக் கல்யாணத்தை ஐபோனில் படம் பிடித்தவர் அதை அன்போடு அனுப்பிவைக்க, நாமும் ஆவலோடு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கையில், நாதஸ்வரமும் தவிலும் கணீரென்று முழங்கிக்கொண்டிருக்க, மணமக்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்புத் திரை மாத்திரமே தென்படுமானால், அநேகர் முதலில் சந்தேகிப்பது யந்திரத்தை; அடுத்தபடியாக, அனுப்பியவரை. பெரும்பாலும் இரு தரப்பிலும் குற்றமில்லை.

விநாடிக்கு 30 பிரேம் வீதம், 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட சாதாரண வீடியோவைச் சுருக்காமல் அப்படியே சேமிப்பதென்றால், ஒரு விநாடிக்கே சுமார் 186 மெகாபைட் இடம் வேண்டும். ஒரு மணி நேரக் கல்யாணத்துக்கு 670 ஜிகாபைட்டும் போதாது. ஆகவே, ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரதானமாகக் குறித்துக்கொண்டு, மாறாததை மறுபடி எழுதாமல் விடும் உபாயங்களை நிபுணர்கள் வகுத்தார்கள். இவையே கோடெக்குகள். 2003-ல் வெளிவந்த எச்.264 இன்று ஏறக்குறைய எல்லா யந்திரங்களுக்கும் பழக்கமானது. 2013-ல் வந்த எச்.265, அதாவது எச்.இ.வி.சி., அதே தரத்தைச் சுமார் பாதி இடத்தில் அடக்கிவிடும். எம்.பி.4, எம்.கே.வி. என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருப்பதோ டப்பாவின் பெயரே அன்றி, உள்ளே இருப்பதன் பெயர் அல்ல. கடுகு என்று எழுதிய டப்பாவில் வெந்தயம் இருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை மேலும் விஸ்தரிக்க அவசியமில்லை.

2017-ல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் ஐபோன்கள் எச்.இ.வி.சி. முறையில் பதிவு செய்யத் தொடங்கின. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஒலியின் கோடெக் தெரிந்திருந்து, பிம்பத்தின் கோடெக் தெரியாதிருப்பதே நமது கறுப்புத் திரையின் காரணம். இதை நிச்சயிக்க எளிய பரீக்ஷை ஒன்று உண்டு: அதே கோப்பை வேறொரு பிளேயரிலும், வேறொரு கோப்பை அதே பிளேயரிலும் ஓட்டிப் பார்த்தால், கோளாறு கோப்பிலா, பிளேயரிலா, அல்லது அவற்றைக் கடந்து யந்திரத்திலேயா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். இதைச் செய்யாமலே டிரைவரை அழிப்பதும் விண்டோஸை மறுபடி போடுவதும் வீண் சிரமம். 1996-ல் பிரான்ஸ் நாட்டுப் பொறியியல் மாணவர்களின் முயற்சியாக ஆரம்பித்து, இன்று இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயர் தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், பரீக்ஷைக்கு மட்டுமின்றிப் பரிகாரத்துக்கும் அதுவே உதவும். இணையத்தில் கண்ட இடத்தில் ‘கோடெக் பேக்’ இறக்குவது மாத்திரம் வேண்டாம். அதன் கூடவே வைரஸ் வந்து சேர்ந்த கதைகள் பழையவை.

படம் வந்தும் தயங்கித் தயங்கி ஓடினால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். அந்தக் கோடெக்கை விரிக்கும் சக்தி கிராபிக்ஸ் சிப்பில் இல்லாதபோது பாரம் முழுவதும் பிராசஸரின் தலையில் விழுந்து, அதன் உபயோகம் நூறு சதவீதத்தைத் தொட்டு, விசிறியும் இரையத் தொடங்கும். கோப்பை எச்.264-க்கு மாற்றிக்கொள்வதே அப்போது உசிதம்.

ஒலியே வராத சங்கடத்துக்குக் காரணம் அநேகமாக அற்பமானது. எச்.டி.எம்.ஐ. கம்பியில் மானிட்டரை இணைத்ததும், ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு விண்டோஸ் ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் சின்னத்தை அழுத்திச் சரியான சாதனத்தைத் தெரிந்தெடுத்தால் தீர்ந்தது. புளூடூத் ஹெட்செட்டில் சங்கீதம் திடீரென்று பழைய தொலைபேசிக் குரல்போல் ஒலித்தால், ஏதோ ஒரு செயலி அதன் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உதடும் சப்தமும் பிரிந்துபோவது இவை எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்வர். பிந்தினாலோ 125 மில்லிவிநாடி வரை கண்டுகொள்ளமாட்டார். தூரத்தில் துணி துவைப்பவரின் அடி கண்ணில் பட்ட பிறகே காதில் விழும் உலகத்தில் வாழும் நமக்கு இந்தப் பாரபட்சம் இயல்புதானே. விண்டோஸில் உள்ள வி.எல்.சி.யில் ‘கே’ விசையை ஒரு முறை அழுத்தினால் ஒலி 50 மில்லிவிநாடி பிந்தும். ‘ஜே’ விசை அதே அளவு முந்தச் செய்யும். புளூடூத் தானாகவே தாமதம் உண்டாக்கக்கூடியது என்பதால், முதலில் கம்பியுள்ள ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிடுவது நலம்.

எதிலுமே திறக்க மறுக்கும் எம்.பி.4 கோப்பின் நிலை வேறு. எது எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையைப் பல போன்களும் கேமராக்களும் பதிவு முடியும் தறுவாயில்தான் எழுதுகின்றன. நடுவில் பாட்டரி தீர்ந்து அணைந்துவிட்டால், பிம்பமும் ஒலியும் கோப்புக்குள் பத்திரமாக இருந்தும் அவற்றை அடைய வழியில்லாது போகிறது. அதே போனில், அதே அமைப்பில் பதிவான நல்ல கோப்பு ஒன்று கைவசம் இருந்தால், அதை மாதிரியாகக் கொண்டு அட்டவணையைப் புதிதாக நிர்மாணிக்க முயலும் மென்பொருள்கள் உள்ளன. அசல் கோப்பின் மீது அவற்றை ஏவாமல், நகல் ஒன்று எடுத்து அதில் முயல வேண்டும்.