முதல் பிஸ்டல் வாங்குமுன்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்துவிட்டு, "எங்க பொண்ணுக்கு எந்தப் பிஸ்டல் வாங்கலாம்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இதில் விலையைப் பார்ப்பதற்கு முன் சட்டத்தைப் பார்த்தாக வேண்டும். பிஸ்டல் என்ற ஒரே பெயரில் வழங்கும் இரண்டு கருவிகளில் ஒன்றுக்கு உரிமம் வேண்டியதில்லை. மற்றதை உரிமமில்லாமல் வீட்டில் வைத்திருந்தாலே சிறைதான்.

இரண்டும் ஒன்றல்ல

முதல் வகை ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. ஈய பெல்லட்டை அழுத்தப்பட்ட காற்றால் தள்ளும். 10 மீட்டர் போட்டிக்கு உரியது. போட்டித் தரமான ஏர் பிஸ்டலிலிருந்து வெளியேறும் பெல்லட்டின் ஆற்றல் சுமார் 6 ஜூல்தான்.

இரண்டாவது .22 பிஸ்டல். 5.6 மி.மீ. தோட்டாவை வெடிமருந்தால் செலுத்தும். 25 மீட்டர் போட்டிக்கு உரியது. ஆற்றல் 100 ஜூலைத் தாண்டும். குறி தவறினால் தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். "சின்ன கேலிபர்தானே" என்று அலட்சியமாக எடுத்துக்கொள்ள இடமே இல்லை. உயிரைப் பறிக்க இது தாராளமாகப் போதும்.

புதிதாகச் சுடப் பழகுபவர் ஏர் பிஸ்டலில் தொடங்குவதே சரி. .22-இல் சத்தமும் உதைப்பும் உண்டு. சுடும் நொடியில் கண்ணை மூடுவது, மணிக்கட்டை வெடுக்கென்று அசைப்பது போன்ற பழக்கங்கள் அதில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அவற்றை விடுவது பெரும்பாடு. ஏர் பிஸ்டலில் அந்தத் தொல்லை குறைவு. செய்த பிழை அப்படியே இலக்கு அட்டையில் தெரியும். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒற்றைக் கையை நீட்டி அதைச் சுட முடிந்தவருக்கு .22 பின்னால் எளிதாக வசப்படும்.

சட்டம் சொல்வது

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் எது மிஞ்சினாலும் உரிமம் கட்டாயம். "ஃபுல் பவர்" என்று ஆசை காட்டி விற்கப்படும் கருவிகளும், ஸ்பிரிங்கையோ வால்வையோ மாற்றி வலுவேற்றியவையும் இந்த எல்லையைத் தாண்டக்கூடும். வாங்கியவருக்குத் தெரியாமலே குற்றம் நடந்துவிடும்.

.22 பிஸ்டலுக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பொருந்தும். உரிமமின்றி வைத்திருந்தால் 25-ஆம் பிரிவின்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. 21 வயது நிரம்பாதவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் மேற்பார்வையோடு விதிவிலக்கு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட துப்பாக்கி சுடும் கிளப்பின் உறுப்பினருக்கு இலக்குப் பயிற்சிக்காகச் சட்டம் தரும் சலுகை .22 ரைஃபிளையும் ஏர் ரைஃபிளையும் பற்றியது. அதைப் பிஸ்டலுக்கும் நீட்டிப் பொருள் கொள்ளக்கூடாது.

உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று பெற வேண்டும்; காவல்துறை விசாரணையும் நடக்கும். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டு செல்லும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். துப்பாக்கி இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும்.

கைக்குப் பொருந்துகிறதா?

விலைப்பட்டியலைவிட மரப்பிடி முக்கியம். வலக்கை, இடக்கை தனித்தனி. அளவுகளும் வேறு வேறு. ஆள்காட்டி விரலின் முதல் கணுப் பகுதி இழுக்காமல், வளையாமல் ட்ரிகரில் பதிய வேண்டும். கிளப்பில், பயிற்சியாளர் முன்னிலையில், துப்பாக்கி காலி என்று உறுதி செய்தபின் ஒரு சோதனை செய்யலாம். குழல் இலக்கை நோக்கியிருக்க, கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். அங்கேயே நிறுத்திக் கண்ணைத் திறங்கள். முன்சைட், பின்சைட்டின் வெட்டுக்கு நடுவில் நின்றால் பிடி பொருந்துகிறது. ஒருபக்கமாக ஒதுங்கினால் பிடியைச் சீவவோ மாற்றவோ வேண்டும். மணிக்கட்டைத் திருகிச் சரிசெய்யப் பழகிவிட்டால் அறுபது குண்டுப் போட்டியின் பாதியில் கை கைவிட்டுவிடும்.

எடை அடுத்தது. போட்டி விதி 1,500 கிராம் வரை அனுமதிக்கிறது. பெரும்பாலான போட்டி ஏர் பிஸ்டல்கள் ஒரு கிலோவை ஒட்டியவை. பதின்வயதினருக்குக் குழல் குறுகிய, எடை குறைந்த மாடல் நல்லது. ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். .22-க்கு அதுவே 1,000 கிராம். இந்த அளவு குறைந்தால் போட்டிக்கு முந்தைய கருவிச் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் சில மாதங்கள் கிளப் பிஸ்டலிலேயே சுடுவது பணத்தை மிச்சப்படுத்தும். தன் கை எது கேட்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

வாங்கும்போது

உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். அடையாள, முகவரி ஆவணங்கள் கேட்டால் கொடுங்கள். எதுவுமே கேட்காமல் கூரியரில் அனுப்புகிறேன் என்பவரை விட்டு விலகுங்கள். ரசீதில் மாடல், வரிசை எண், குழல் விட்டம் மூன்றும் இருக்கட்டும். ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்ற சான்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பழைய ஏர் பிஸ்டல் என்றால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைத் தேடுங்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் உருளை அது. பொதுவாகப் பத்தாண்டு ஆயுள் என்பதால் மலிவு பிஸ்டலோடு காலாவதியான சிலிண்டரைத் தலையில் கட்டிவிடுவது எளிது. உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் நம் ஊர்ப் பக்கம் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பிஸ்டல் பழுதாகி நேரம் போனதில் மனு பாக்கர் இறுதிச் சுற்றையே இழந்தார்.

பழைய .22 வாங்குவது வேறு கதை. வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும். விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பின்பே கைமாற்ற முடியும். "முதல்ல எடுத்துட்டுப் போங்க, பேப்பர் அப்புறம்" என்ற பேச்சுக்கு இணங்கினால் இருவரும் குற்றவாளிகள்.

வீட்டிலும் வழியிலும்

உரிமம் வேண்டாத ஏர் பிஸ்டலும் பார்ப்பவர் கண்ணுக்குத் துப்பாக்கிதான். பூட்டிய பெட்டியில், பெல்லட் இல்லாமல், குழலில் பாதுகாப்புக் கொடியோடு கொண்டுபோங்கள். மொட்டைமாடியில் சுடுவது அடுத்தவர் கண்ணுக்கே ஆபத்து. பிறர் உயிருக்கு ஊறு விளைவிக்கும் அலட்சியத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பறவையைக் குறிவைத்தால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரும். கல்யாணத்தில் .22-ஐ எடுத்து ஆகாயத்தைச் சுடுவதற்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலர் கவனிக்காத ஆபத்து ஈயம். சுட்ட கையோடு வடையைத் தொடாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவி, உடையை மாற்றிய பிறகே சிறு குழந்தையைத் தூக்குங்கள். .22 சுடும் மூடிய அரங்கில் காற்றோட்டம் சரியில்லையென்றால் நிர்வாகத்திடம் கேட்பது உங்கள் உரிமை. அங்கே காதடைப்பானும் கண்ணாடியும் கட்டாயம்.

துப்பாக்கி தொலைந்தால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், குடும்பத்தார் ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்பாவின் நினைவாக பீரோவில் வைத்திருப்பதும் சட்டப்படி உரிமமில்லாத ஆயுதமே.

மறுத்தால், ஏமாற்றினால்

உரிமத்தை வாய்மொழியாக மறுத்து அனுப்பிவிட முடியாது. ஆயுதச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பொதுநலன் கருதி மறைக்க வேண்டியதைத் தவிர, கேட்டால் அதன் சுருக்கத்தைத் தரவும் வேண்டும். சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மறுப்புக்கு எதிராக 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதற்கும் மேலே உயர்நீதிமன்றம். விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறது என்று அறியத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பழுதான பிஸ்டலையோ காலாவதியான சிலிண்டரையோ விற்றவர் மீது இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதல் ஆலோசனைக்கு 1915 என்ற உதவி எண் உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதும் ஆற்றல் சான்றும்தான். அவற்றின் நகல் பிஸ்டல் பெட்டியிலும், அசல் வீட்டிலும் இருக்கட்டும்.