பறக்காத இலங்கைக் கோர்செயர்

கற்பிட்டிக் குடாநாட்டுக்குக் கிழக்கே, களப்பைத் தாண்டினால் புத்தளம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் ‘ராஜாளிய’ விமானத்தளம் அங்கேதான் இருந்தது. கோர்செயர் போர்விமானங்களை இழுக்க யானையும் வந்தது.

மடித்த இறக்கை விமானந்தாங்கிக் கப்பலின் தாழ்ந்த கூரையில் இடிக்காதிருக்க, பிரித்தானியர் ஒவ்வொரு நுனியிலும் சுமார் 20 செ.மீ. குறைத்தனர். இந்த விமானத்தின் 1/72 அளவு மாதிரியில் அது 3 மில்லிமீற்றர்கூட இல்லை: அரத்தால் நாலு இழுப்பு, பிறகு உப்புத்தாள். இப்பகுதியில் பறந்த பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பு கிடையாது. ஜப்பான்காரன் என்று சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதே!

இலங்கை விமானப்படை 1951இல் பிறந்தது. கோர்செயர் அதில் பறந்ததில்லை. “பறந்திருந்தால்?” என்று கேட்டுக் கற்பனை வண்ணம் பூசுவது மாதிரி செய்வோரின் தனி விளையாட்டு. தரைத்தள விமானத்துக்கு வெட்டிய நுனி எதற்கு? பிரித்தானியர் விட்டுப்போனதை வாங்கியிருந்தால் வேறு வழியேது!