ஓடு உடைத்தால்தான் கராத்தேவா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு!

பள்ளி ஆண்டு விழா மேடை. வெள்ளை யூனிஃபார்ம், இடுப்பில் கலர் பெல்ட். முன்னால் அடுக்கிவைத்த ஓடுகள். ஒரே ஒரு சத்தம்... அடுத்த நொடி ஓடுகள் சில்லு சில்லாகச் சிதறுகின்றன. அரங்கமே கைதட்டுகிறது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என எந்தப் பக்கம் போனாலும், கராத்தே என்றதும் பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். பிள்ளையை வகுப்பில் சேர்த்த கையோடு, 'நம்ம பையன் எப்போ மாஸ்டர் ஓடு உடைப்பான்?' என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. ஆனால், கராத்தே பயிற்சியில் உடைப்பதற்கு உண்மையில் என்ன இடம்?

பாடம் அல்ல, பரீட்சை

பலகை, ஓடு, செங்கல் ஆகியவற்றை உடைப்பதற்கு ஜப்பானிய மொழியில் 'தமேஷிவாரி' என்று பெயர். 'உடைத்துச் சோதிப்பது' என்று பொருள். கராத்தேயின் அன்றாடப் பயிற்சி மூன்று: அடிப்படை அசைவுகளான கிஹோன், வரிசைமுறையான காத்தா, எதிராளியுடன் மோதும் குமிதே. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கராத்தே இடம்பெற்றபோதுகூட காத்தா, குமிதே இரண்டுக்குத்தான் பதக்கம். உடைப்பதற்குப் போட்டியே இல்லை.

விதிவிலக்கும் உண்டு. மாஸ் ஒயாமா உருவாக்கிய கியோகுஷின் பிரிவில் தமேஷிவாரிக்குத் தனி மதிப்பு. அதன் பெரிய போட்டிகளில் சண்டை சமநிலையில் முடிந்து, உடல் எடையை வைத்தும் வெற்றியாளரை முடிவுசெய்ய முடியாவிட்டால், யார் அதிகப் பலகைகளை உடைத்தார் என்று பார்ப்பார்கள்.

சென்னை கண்ட சாகசம்

சென்னையில் கராத்தேயைச் சாகசமாகக் காட்டிப் புகழ்பெற்றவர்களில் முக்கியமானவர், பெசன்ட் நகரில் வசித்த ஷிஹான் ஹுசைனி. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் அறிமுகமானவர். 2001-ல் வெளியான 'பத்ரி'யில் விஜய்க்குப் பயிற்சியாளராக வந்தவரும் இவர்தான். பவன் கல்யாண் சென்னையில் இவரிடம் கராத்தே கற்றார். தன் கைமீது கார்களை ஏறவிட்டது போன்ற சாகசங்கள் அவரைத் தலைப்புச் செய்தியாக்கின.

அதே ஹுசைனி பிற்காலத்தில் அதிக அக்கறை காட்டியது வில்வித்தையில். அங்கே உடைப்பதற்கு எதுவுமில்லை. மூச்சும் நிதானமும்தான் எல்லாம். ரத்தப் புற்றுநோயால் 2025 மார்ச் 25 அன்று அவர் காலமானார். சாகசத்தால் பலருக்குத் தெரிந்த அந்த மாஸ்டரின் மாணவர்கள், இன்று வில்லும் அம்புமாகவும் இருக்கிறார்கள்.

கை எப்படி ஜெயிக்கிறது?

1979-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கராத்தேயின் இயற்பியல் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதிய மூவரில் ஒருவர் ரொனால்ட் மெக்நேர். பிளாக் பெல்ட் வாங்கிய இயற்பியலாளர்; 1986-ல் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்த விண்வெளி வீரரும் இவரே. தேர்ந்தவரின் கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் பாயும். 3,000 நியூட்டனுக்கும் மேல் விசை தரும் என்றது அந்த ஆய்வு. 300 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் இது.

கை முழுதாக நீளும் முன்பே வேகம் உச்சத்தைத் தொட்டுவிடும். அதனால்தான், பலகையைக் குறிவைக்காமல் பலகைக்குப் பின்னால் குறிவை என்று மாஸ்டர்கள் சொல்கிறார்கள். கடைசி நொடியில் தயங்கிக் கையை இழுத்தால், பலகை உடையாது. அடி கைக்கே திரும்பும்.

மேடைக் கணக்கு இன்னொன்றும் உண்டு. மரப்பலகை, அதன் ரேகை ஓடும் திசையில் சுலபமாகப் பிளக்கும். அடுக்கிய ஓடுகளுக்கு நடுவே சின்னக் கட்டைகள் வைத்து இடைவெளி விட்டால், மேலே உடைந்த ஓடு கீழே இருப்பதையும் உடைத்துக்கொண்டு போகும். ஆக, பத்து ஓடு என்பது ஒரு ஓட்டைப் போல பத்து மடங்கு பலம் அல்ல.

பிள்ளைகளுக்கு வேண்டுமா?

வளரும் வயதில் எலும்புகளின் முனைகளில் மிருதுவான வளர்ச்சிப் பகுதி இருக்கும். அது முழுமையாக இறுகப் பதின்பருவத்தின் பிற்பகுதி வரை ஆகும். அங்கே பலமாக அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். எனவே, ஆறு, ஏழு வயதுப் பிள்ளையை ஓட்டின் முன் நிறுத்தும் முன் மாஸ்டரிடம் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

• எத்தனை மாதப் பயிற்சிக்குப் பிறகு உடைக்கச் சொல்கிறீர்கள்?
• ஓட்டுக்குப் பதில் மெல்லிய பலகையோ, திரும்பப் பொருத்தக்கூடிய பிளாஸ்டிக் பலகையோ உண்டா?
• பிள்ளை பயந்தால் 'வேண்டாம்' என்று சொல்ல இடம் உண்டா?
• உடையாவிட்டால் பெல்ட் கிடைக்காதா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில், அந்த வகுப்பைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

ஒகினாவாவின் பழைய மாஸ்டர்கள் 'மாகிவாரா' என்ற, வைக்கோல் கயிறு சுற்றிய பலகையைத் தரையில் நட்டு, தினமும் குத்திப் பழகினார்கள். அது உடைவதற்காக நடப்பட்டதல்ல. அடிக்க அடிக்க வளைந்து, நிமிர்ந்து நிற்கும். ஓடு உடைய ஒரு நொடி போதும். கை பழக வருடங்கள் ஆகும். பிள்ளையைக் கராத்தேயில் சேர்ப்பது அந்த வருடங்களுக்காகத்தான்.